நண்பர்களுக்குப் பிடித்த பாட்டுதான் எனக்கும் பிடிக்கிறது. எனக்கென்று ரசனையே இல்லையா?

நீங்கள் கல்லூரியில் படிப்பவராக இருக்கவேண்டும். நாலு பேர் காரில் போனால் ப்ளூடூத் எப்போதும் இன்னொருவர் கையில்தான் இருக்கும், சரியா? எனக்கு அது பள்ளி பஸ்.

2006. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் படிவம் 5 (பதினோராம் வகுப்பு மாதிரி) படித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸின் கடைசி சீட்டில் ஓர் அண்ணன் உட்காருவார். படிவம் 6, மீசை வேறு. அவர் நல்ல பாட்டு என்றால் அது நல்ல பாட்டு. அந்த வருஷம்தான் மலேசியத் தமிழ் ராப் பாடகர் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தது. கூடப் படித்த ஒருவன் சிடியை நீட்டி, "கேட்டுட்டுச் சொல்லுடா" என்றான். இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து ராப் சேர்த்திருந்தார்கள். அப்பா தூங்கிய பிறகு இயர்போனில் அந்த ஒரு பாட்டையே ஐந்தாறு தடவை கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தால், ராஜா பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று விடிய விடியப் பாடம் நடந்திருக்கும்.

மறுநாள் பஸ்ஸில் அண்ணன் உறையைப் பார்த்தார். "லோக்கலா? நம்ம பசங்களுக்கு ஏன்டா இந்த வேலை?" பஸ்ஸே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். "நான் கேக்கவே இல்லண்ணே, இவன்தான் கொடுத்தான்" என்று சிடியை அவன் மடியில் வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்து உள்ளே போட்டுக்கொண்டான்.

2007-இல் தமிழ்நாட்டுப் படம் ஒன்றில் எஸ்.பி.பி.யோடு சேர்ந்து யோகி பி பாடினார். திருச்சியில் இருக்கும் மாமா மகன் போனில், "மடை திறந்து பாடினது உங்க ஊர்க்காரங்களாமே, செம!" என்றான். ஏதோ நானே மைக் பிடித்துப் பாடியதுபோல அரை மணி நேரம் அளந்தேன். ஒட்டுக்கடையில் பார்த்தபோது கடைசி சீட்டு அண்ணனும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அதே 2006-இல், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் இதையே சோதித்து எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள். மொத்தம் 14,341 பேர் கேட்டார்கள். சிலருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை 8 கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எதை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்றும் காட்டினார்கள். தனியாகக் கேட்டவர்களிடம் 26-வது இடம் பிடித்த ஒரு பாட்டு, ஒரு கூட்டத்தில் முதலிடம், இன்னொரு கூட்டத்தில் 40-வது இடம். என் பஸ் அந்த இரண்டாவது கூட்டம்.

உடனே "அப்போ ராஜா பாட்டு நிலைத்ததும் கும்பலால்தானா?" என்று சண்டைக்கு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், ரொம்ப மோசமானது உச்சிக்கு ஏறுவதும் அபூர்வம் என்று அந்த ஆய்விலேயே இருக்கிறது. நடுவில் இருப்பதுதான் எங்கு வேண்டுமானாலும் போகும்.

போன வருஷம் தங்கை கல்யாணத்தில் மூன்றே மூன்று மலேசியப் பாட்டு போடச் சொன்னேன். "கேக்குறவங்க கம்மிண்ணே" என்றார் டிஜே தம்பி. போட்டால்தானே கேட்பார்கள்? கடைசிவரை போடவில்லை. ஆனால் புகை மெஷினுக்கு மட்டும் மறக்காமல் 200 ரிங்கிட் கூடுதலாக வாங்கிக்கொண்டார். புகை கேட்டது யார்? மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக இருமியதுதான் மிச்சம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற எண்ணைப் பார்க்காமல், முதல் தடவை தனியாகக் கேட்டுப் பாருங்கள். அதுவும் முழுசாக உதவும் என்று சத்தியம் செய்யமாட்டேன். அந்த ராத்திரி நான் தனியாகத்தான் கேட்டேன், பிடித்தது. ஆனால் அவன் கொடுத்ததால் பிடித்ததா, பாட்டால் பிடித்ததா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவனிடம் பாட்டு எப்படி இருந்தது என்றும் நான் இதுவரை சொல்லவில்லை.