லீவே எடுக்காத கணக்கு அலுவலர்

கேள்வி: உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் கணக்கு அலுவலர் பல வருடங்களாக லீவே எடுப்பதில்லை. வங்கியிலிருந்து வரும் தபாலை வேறு யாரையும் பிரிக்க விடமாட்டார். ஒரே வேலைக்கு இரண்டு முறை பில் போட்டிருப்பதை நானே பார்த்தேன். நேரில் கேட்டுவிடலாமா?

பதில்: கேட்காதீர்கள். கேட்ட மறுநாளே அந்த ஃபைல் காணாமல் போகலாம், பழி உங்கள் மேலும் விழலாம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சிறிய நகரம். மக்கள்தொகை சுமார் 16,000. அதன் கணக்கு அதிகாரி ரீட்டா கிரண்ட்வெல் 1990இல் நகராட்சியின் பெயரிலேயே ரகசியமாக ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கினார். மாநில அரசு அனுப்பியதுபோலப் பொய் பில்கள் தயாரித்து, 2012 வரை 5 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார். சாலையைச் சரிசெய்யக்கூடப் பணமில்லை என்று நகராட்சி கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம் அது. தணிக்கையும் வருடா வருடம் நடந்தது! பணம் வருவது, போவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது எல்லாமே ஒரே ஆளின் கையில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

2011இல் அவர் லீவில் போனபோது, நகராட்சி எழுத்தர் எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டையும் வங்கியிடமே கேட்டு வாங்கினார். அதில்தான் அந்தக் கணக்கு வெளிப்பட்டது. மேயர் எஃப்பிஐக்குச் சொன்னார். அதன்பின் கைது நடக்கும்வரை பல மாதங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. கிரண்ட்வெல்லுக்கு 19 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. மேயரும் எழுத்தரும் காட்டிய அந்தப் பொறுமைதான் உங்களுக்கும் வேண்டும்.

பில் எண், தேதி, தொகை, யார் கையெழுத்து என்பதை இன்றே குறித்து வையுங்கள். உங்கள் வேலையில் இயல்பாகக் கைக்கு வரும் காகிதங்கள் போதும். அவருடைய மேசையைத் திறப்பது, பாஸ்வேர்டைப் பயன்படுத்துவது, அசல் ஃபைலை வீட்டுக்குக் கொண்டுபோவது எதுவும் வேண்டாம். குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

அப்புறம், யாரிடம் சொல்வது? அந்த பில்லுக்கு ஒப்புதல் தந்த மேலதிகாரியிடம் போகாதீர்கள். வெளித்தணிக்கைத் துறை அல்லது ஊழல் தடுப்புப் பிரிவுதான் சரி. ஆனால் அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஐ.நா.வின் ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை (2003) அரசு ஊழியரின் கையாடலைக் குற்றமாக்கச் சொல்கிறது. புகார் தருபவருக்கான பாதுகாப்பைப் பற்றியோ, பரிசீலிக்கும்படி மட்டுமே கேட்கிறது. எந்த வழியில் புகார் கொடுத்தால் உங்கள் நாட்டுச் சட்டம் உங்களைக் காக்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

புகாரில் “திருடிவிட்டார்” என்று எழுதாதீர்கள். “இந்த வேலைக்கு இந்தத் தேதிகளில் இரண்டு பில்கள் போடப்பட்டுள்ளன” என்று மட்டும் எழுதுங்கள். அது வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம், விசாரிப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும்.