ஸ்னூக்கர் வீரர்கள் பந்தை அடிக்கும் கோலான கியூவையும், அதன் நுனியில் இருக்கும் டிப்பையும் எப்படிப் பராமரிக்கிறார்கள்? டிப்பை அடிக்கடி தேய்க்க வேண்டுமா?

தேவையில்லை. கிளப்பில் ஆடுபவர்களின் டிப் அடித்து அடித்துத் தேய்வதைவிட உப்புத்தாள் பட்டுத் தேய்வதுதான் அதிகம் என்பேன்.

ஸ்னூக்கர் டிப் என்பது 9 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தோல் வில்லை, அவ்வளவுதான். அது வெள்ளைப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் வழுக்காமல் பிடித்தால்தான் சைடும் (பக்கவாட்டுச் சுழற்சி) ஸ்க்ரூவும் (பின்னோக்கிய சுழற்சி) எடுக்கும். பிடிக்காவிட்டால் மிஸ்கியூ, அதாவது டிப் வழுக்கி அடி தவறிவிடும்.

அந்தப் பிடிப்பைத் தருவது டிப்பில் பூசும் தூள் கட்டியான சாக். அதைப் போடும் விதத்தை யாரும் கவனிப்பதில்லை. சாக் கட்டியை டிப்பின் மேல் வைத்துத் திருகு திருகென்று திருகுவார்கள். நடுவில் பள்ளம் விழுந்த சாக்கைப் பார்த்தாலே தெரியும். அப்படித் திருகினால் ஓரத்தில்தான் அப்பும், நடுப்பகுதி மொட்டையாகவே இருக்கும். கூடவே டிப்புக்கு அடியில் கியூவின் நுனியில் இருக்கும் பித்தளை வளையமான ஃபெரூலும் தேயும். லேசாகத் தடவி, கியூவைக் கொஞ்சம் சுழற்றி, எல்லாப் பக்கமும் படிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் போதும்.

புது டிப் ஒட்டும்போதுதான் பொறுமை வேண்டும். ஃபெரூல் மேல் இருக்கும் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, டிப்பின் அடிப்பக்கத்தைச் சமதளத்தில் வைத்து லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்ட வேண்டும். இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அடிக்கும்போது சத்தமே மாறிவிடும். பசை நன்றாகக் காய்ந்த பிறகு, கியூவைத் தலைகீழாக, டிப் கீழே இருக்கும்படி கெட்டியான பரப்பில் ஊன்றிக்கொண்டு, ஃபெரூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோலைக் கூர்மையான பிளேடால் மேலிருந்து கீழாகச் சீவுவார்கள். அப்புறம் மேல்பக்கத்தைக் கவிழ்த்த கிண்ணம் போல வளைவாக்க வேண்டும்.

புது டிப் சில நாள் ஆட்டத்தில் அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கும். மறுபடி சீவிவிட்டு, ஓரத்தில் சற்றே எச்சில் தொட்டு, தோல் துண்டாலோ காகிதத்தாலோ சூடேறும்வரை தேய்த்தால் ஓரம் இறுகிவிடும். பிதுங்குவது இதோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஒற்றைத் தோல் டிப்பைவிட, பல அடுக்காக ஒட்டிச் செய்த டிப் வடிவம் குலையாமல் நிற்கும். ஆனால் அடியின் உணர்வு வேறு. அது அவரவர் கைக்கு உள்ள விஷயம்.

சரி, உப்புத்தாள் எப்போது? டிப்பின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்து, சாக் ஒட்டாமல் உதிரும்போது மட்டும். அதுவும் ஒன்றிரண்டு தடவல்தான். தோல் தேய்ந்து ஃபெரூலை நெருங்கிவிட்டால் இரக்கம் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் மட்டும் மாற்றாதீர்கள். புது டிப்புக்குக் கை பழகவே நாளாகும் என்பதால்தான் தொழில்முறை வீரர்களில் சிலர், ஆடிப் பழக்கிய டிப் உள்ள மாற்று ஃபெரூலைத் திருகிப் பொருத்தும் வகையில் கியூவை அமைத்துக்கொள்கிறார்கள்.

கியூவின் மரத்துக்கு இவ்வளவு வேலை இல்லை. ஆடி முடித்ததும் துணியை ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒரு தரம். ஆஷ் மரமானால் எப்போதாவது சில துளி ஆளி விதை எண்ணெய் தடவலாம். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலும் அதே கதைதான். பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். விமானத்தில் போகும்போது அந்தப் பெட்டி உறுதியானதாக இருக்கட்டும். ஏழு முறை உலக சாம்பியனான ஸ்டீபன் ஹென்ட்ரியின் கியூவே 2003-இல் விமானப் பயணத்தில்தான் உடைந்துபோனது.