வாசகர் கேள்வி: வெங்காயமும் ஜி.எஸ்.பி. பிளஸும்

கேள்வி: 1970களில் மிளகாயும் வெங்காயமும் விற்றே எங்கள் அப்பு கல்வீடு கட்டினாராம். இறக்குமதியைத் திரும்ப நிறுத்தினால் தோட்டக்காரர் வறுமை தீருமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: அப்பு சொன்னது உண்மைதான். 1970 முதல் 1977 வரை பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இறக்குமதியை இறுக்கியதால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது, 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்தன இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட அந்த விலை விழுந்தது. ஆனால் அதே காலத்தில்தான் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது. அப்புவின் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் கிண்டியவரும் அந்த விலைக்குத்தானே வாங்கியிருப்பார்? ஆகவே அடியோடு பூட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வர்த்தமானி அறிவித்தலால் கூட்டிக் குறைக்கக்கூடிய விசேட பண்ட வரி இறக்குமதிப் பொருளுக்கு இருக்கிறது. அதை அறுவடைக்கு முன்பே, எல்லோருக்கும் தெரியும்படி கூட்டி, விளைச்சல் முடிந்தபின் குறைக்கலாம். கடைசி நேரத்தில் கூட்டினால், குறைந்த வரியில் முன்பே இறக்கிய சரக்கைக் களஞ்சியத்தில் வைத்திருக்கும் கொழும்பு முதலாளிக்குத்தான் லாபம்.

கேள்வி: ஜி.எஸ்.பி. பிளஸால் எங்களுக்கு என்ன?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: ஜி.எஸ்.பி. பிளஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை போன்ற நாடுகளுக்குத் தரும் இறக்குமதித் தீர்வைச் சலுகை. அதனால் உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் தைக்கும் உடுப்பு ஐரோப்பாவுக்குள் தீர்வையின்றிப் போகும், அவ்வளவுதான். மனித உரிமை, தொழிலாளர் உரிமை போன்றவை பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு மதிப்பது அதற்கு நிபந்தனை. அதில் தவறியதால் 2010இல் சலுகை பறிபோய் 2017இல் திரும்பியது. மிச்சமாகும் தீர்வையில் தைக்கும் பிள்ளைக்கு எவ்வளவு என்று அதில் எங்கும் எழுதவில்லை, அதைச் சங்கம் வைத்துத்தான் கேட்கவேண்டும்.