குழந்தைகள் எழுதும் நன்றிக் கடிதம்: டீச்சரிடம் கேளுங்கள்

தொடக்கப் பள்ளியில் 31 வருடம் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்தநாள், பொங்கல், கோடை விடுமுறை முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து நன்றி எழுத வைப்பது பெரிய போராட்டம் என்கிறீர்கள். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: பிள்ளை எழுதிய கடிதத்தில் சிவப்புப் பேனாவை வைக்காதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு எட்டு வயது. 'பரிசுக்கு நன்றி' என்று எல்லாருக்கும் ஒரே வரி எழுதிவிட்டு ஓடிவிடுகிறாள்.

எழுத விஷயம் இல்லாதபோது வேறென்ன செய்வாள், பாவம்! காகிதத்தைக் கடைசியில் எடுங்கள். முதலில் அந்தப் பொருளைக் கையில் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். இதை வைத்து முதலில் என்ன செய்தாய், எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய், தம்பி பிடுங்கினானா? அவள் சொல்வதில் எதற்குச் சிரிக்கிறாளோ, அதுதான் கடிதம்.

என் வகுப்பில் ஒரு பையனுக்கு அவன் மாமா டார்ச் வாங்கித் தந்திருந்தார். அவன் எழுதியது இவ்வளவுதான்: "மாமா, நேற்று கரண்ட் போச்சு. டார்ச் அடித்துப் பூனைக்குட்டியைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் இருந்தது. நீங்கள் பூனை வளர்த்தீர்களா?" நன்றி என்ற சொல்லே கிடையாது. மாமா அதை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். கடைசி வரியைக் கவனியுங்கள். கேள்வி கேட்டால் பதில் வரும். தன் பெயருக்குத் தபால் வருகிற சுகத்தை ஒருமுறை கண்டுவிட்ட பிள்ளை, அடுத்த தடவை தானே அட்டை கேட்கும்.

அப்புறம், நோட்டுத்தாள் வேண்டாம், அஞ்சலட்டை வாங்குங்கள். நான் கடைசியாக வாங்கியபோது 50 பைசா. நான்கு வரி எழுதினாலே நிறைந்துவிடும். முழுத்தாளின் வெறுமையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் மிரளுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் எழுதச் சொல்லாதீர்கள். தபால் பெட்டியில் போடுவதும் அவள் கையாலேயே நடக்கட்டும். எட்டவில்லை என்றால் தூக்கிப் பிடியுங்கள். பின்கோடு மறக்க வேண்டாம்.

கோவையிலிருந்து ஓர் அப்பா: வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் போதாதா?

அவசரத்துக்குப் போதும். ஆனால் பாட்டி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள முடியாது.

சென்னையிலிருந்து ஓர் அம்மா: பையனுக்கு நான்கு வயது. எழுத்தே தெரியாது. எப்போது ஆரம்பிக்கலாம்?

இப்போதே. அவன் கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். அதற்குள் அவன் கிறுக்கட்டும். "இது என்னடா?" என்று கேட்டு, அவன் சொல்வதை அப்படியே கீழே எழுதுங்கள். "இது அத்தை, இது அத்தையோட பஸ்" என்றால் அதுவே இருக்கட்டும். அதைப் 'பரிசு தந்த அன்பு அத்தைக்கு' என்று மாற்றினால் கடிதம் உங்களுடையதாகிவிடும்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா: பிடிக்காத பரிசு வந்தால்? பெரியம்மா கம்பளி ஸ்வெட்டர் தந்தார். 'கடிக்கிறது' என்று கழற்றி எறிகிறாள்.

திருநெல்வேலி வெயிலில் ஸ்வெட்டரா! பிள்ளை மேல் தப்பில்லை. 'மிகவும் பிடித்திருக்கிறது' என்று மட்டும் எழுத வைக்காதீர்கள். நன்றிக் கடிதம் என்றாலே பொய் எழுதுவது என்று மனதில் பதிந்துவிடும். உண்மையாக நடந்த நல்ல விஷயம் ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள். பெரியம்மா இரண்டு பஸ் மாறி வந்தாரா? அன்று ராத்திரி பல்லாங்குழி ஆடினாரா? அதை எழுதட்டும். ஸ்வெட்டரைப் பற்றி ஒரு வரி வேண்டுமென்றால், 'ஊட்டிக்குப் போகும்போது போட்டுக்கொள்வேன்' போதும், நிஜமாகவே போவதாக இருந்தால்.

மதுரையிலிருந்து ஓர் ஐயா: வீட்டுக்குள் எதற்கம்மா நன்றி? பேரன் எனக்கு 'நன்றி தாத்தா' என்று எழுதினால் நான் என்ன மூன்றாம் மனுஷனா? இது இரவல் பழக்கம்.

அவருக்குப் பதில் சொல்லிச் சேலத்திலிருந்து ஓர் அம்மா: இப்படிச் சொல்லித்தான் நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் தங்களுக்குச் சேரவேண்டியது என்று நினைக்கிறார்கள்!

நிறுத்துங்கள் இருவரும். அதற்குள் இன்னும் ஏழு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

ஐயா சொல்வதில் பாதி சரி. நான் ஒருமுறை 'தேங்க்ஸ்மா' என்று சொன்னதற்கு என் அம்மா அரை நாள் பேசவில்லை. ஆனால் இரவல் பழக்கம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். குறளில் செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, பதினோராவது. "தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர் பயன்தெரி வார்." இதில் 'நன்றி செயினும்' என்பதைப் பாருங்கள். இங்கே நன்றி என்றால் செய்த உதவி, நல்ல காரியம். வாயால் சொல்லும் சொல்லுக்கு அந்தப் பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அவர்கள் செய்ததைத் தெரிந்துகொள்வதும், தெரியும் என்று காட்டுவதும்தான் விஷயம். டார்ச் பையன் செய்தது அதைத்தான். ஆகவே ஐயா, உங்கள் பேரன் 'நன்றி' என்று எழுத வேண்டாம். நீங்கள் வாங்கித் தந்த பம்பரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எழுதட்டும்.

சேலத்து அம்மாவுக்கு: கடைக்காரருக்கும் பஸ் கண்டக்டருக்கும் வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். அங்கே அந்தச் சொல் வேண்டும்தான்.

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா: வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா டீச்சர்?

மேலே சொல்லிவிட்டேன்.

பெங்களூரிலிருந்து ஓர் அப்பா: மகளுக்குத் தமிழ் எழுத வராது. ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது.

அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். 'ஆச்சி' என்ற ஒரு சொல்லையும் தன் பெயரையும் மட்டும் அவளே தமிழில் எழுதட்டும். அடுத்த கடிதத்தில் இன்னும் ஒரு சொல். 'ச்' மேல் புள்ளி விட்டுப்போனால் போகட்டும். திருத்தாதீர்கள்!

கரூரிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு ஒன்பது வயது. எழுத்துகள் இன்னும் இடம் வலமாகத் திரும்பி விழுகின்றன. வாசிக்கவும் திணறுகிறான். கடிதம் எழுதி எழுதிச் சரியாகுமா?

இது என் துறை இல்லை அம்மா. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லுங்கள். கடிதத்தைப் பயிற்சியாக்கி அவனை வதைக்க வேண்டாம். இப்போதைக்குப் படம் வரைந்து அனுப்பட்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா: வாட்ஸ்அப்பில்...

அடுத்தது.

திருச்சியிலிருந்து ஓர் அப்பா: மாதிரிக் கடிதம் ஒன்று தருவீர்களா? பார்த்து எழுதிவிடுவான்.

தரமாட்டேன். பார்த்து எழுதுவதற்குப் பள்ளிக்கூடத்தில் நோட்டு இருக்கிறது.

மதுரை ஐயா மறுபடியும்: சரி டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். பம்பரம்தான் வாங்கித் தந்தேன், எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்? ஆனால் ஒரு மாதமாகியும் அட்டை எதுவும் வரவில்லையே.

பம்பரம் குருட்டாம்போக்கில் சொன்னது ஐயா. பேரனிடம் உங்கள் முகவரி இருக்கிறதா? 625-இல் தொடங்குமே, அந்த ஆறு இலக்கமும் அவனுக்குத் தெரியுமா? இல்லையென்றால் நீங்கள் முதலில் ஓர் அட்டை போடுங்கள்.