'கேஸ்' ஒரு சொல்லா, இரண்டா? 'கேஷ்' நம் காசுதானா?

கேள்வி: 'கேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பெட்டி, வழக்கு, இலக்கணத்தில் வேற்றுமை என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள் எப்படி வந்தன? 'கேஷ்' என்பது தமிழ்க் 'காசு'விலிருந்து போனது என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஒட்டாததற்குக் காரணம், அது ஒரு சொல்லே இல்லை. பிறப்பால் வேறான இரண்டு சொற்கள், ஒலி தேய்ந்து தேய்ந்து ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கின்றன. நல்ல ஆங்கில அகராதியைத் திறந்தால் 'கேஸ்' இரண்டு தனிப் பதிவுகளாக இருக்கும். தலைப்புச் சொல்லின் தோளில் 1, 2 என்று குட்டி எண் போட்டிருப்பார்கள். பலர் கண்ணில் படாமல் போவது அந்த எண்தான். ஒரே பதிவுக்குள் வரும் 1, 2, 3 ஒரு சொல்லின் பல பொருள்கள். தலைப்பின் தோளில் ஏறிய எண் வந்தால் அது வேறு சொல்.

முதல் 'கேஸ்' விழுந்த சொல். இலத்தீனில் 'காதெரெ' என்றால் விழுதல். அதிலிருந்து 'காசுஸ்', அதாவது விழுந்தது, நேர்ந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. விழுவதற்கும் நேர்வதற்கும் என்ன உறவு என்று தமிழருக்கு விளக்கவே வேண்டாம். தாயம் விழுந்தது, பரிசுச் சீட்டு விழுந்தது என்று நாமும் அப்படித்தான் சொல்கிறோம். நேர்ந்த ஒன்று என்பதால் அது நிலைமை ஆயிற்று. நீதிபதி முன் வந்த நிலைமை வழக்கு ஆயிற்று. மருத்துவர் முன் வந்த நிலைமை நோயாளியையே குறித்தது. 'சீரியஸ் கேஸ்' என்று மருத்துவமனையில் சொல்வது இந்தக் கிளை. இதன் உடன்பிறப்புகள்: சான்ஸ், ஆக்சிடென்ட், கேஷுவல், கேஷுவால்ட்டி. எல்லாவற்றுக்குள்ளும் ஏதோ ஒன்று விழுந்துகொண்டே இருக்கிறது.

வேற்றுமைப் பொருளும் இதே கிளைதான். கிரேக்க இலக்கணத்தார் பெயர்ச்சொல்லின் உருமாற்றத்தை 'வீழ்ச்சி' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார்கள். எழுவாய் நேரே நிற்கிறது, மற்றவை சாய்ந்து விழுகின்றன என்பது அவர்கள் கற்பனை. ரோமானியர் அதை அப்படியே 'காசுஸ்' என்று மொழிபெயர்த்தார்கள். நம் இலக்கணம் வைத்த 'வேற்றுமை' என்ற பெயர் இதைவிடத் தெளிவானது. பெயரின் பொருளை வேறுபடுத்துவதால் வேற்றுமை. படம் எதுவும் மனத்தில் வரையத் தேவையில்லை.

இரண்டாவது 'கேஸ்' பெட்டி. இலத்தீனில் 'காபெரெ' என்றால் பிடித்தல், கொள்ளுதல். அதிலிருந்து பொருளைக் கொள்ளும் 'காப்சா', பெட்டி. ஏட்டுச் சுருள்களை வைக்கும் பெட்டிக்கும் அந்தப் பெயர் இருந்தது. சூட்கேஸ், தலையணை உறையான பில்லோகேஸ், புத்தக அலமாரியான புக்கேஸ், ஷோகேஸ் எல்லாம் இங்கிருந்து. கேப்ஸ்யூல் என்றால் குட்டிப் பெட்டி. கேசட்டும் அதே. வண்டியின் சேஸிஸ்கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். திராட்சை மது வணிகத்தில் ஒரு கேஸ் என்றால் 750 மில்லி பாட்டில் 12, மொத்தம் 9 லிட்டர்.

ஆங்கிலப் பெரிய எழுத்தை 'அப்பர் கேஸ்' என்பதும் பெட்டிக் கிளைதான், இலக்கணக் கிளை இல்லை. கை அச்சுக் கோக்கும் காலத்தில் சாய்ந்த மேசைமேல் இரண்டு மரத்தட்டுகள் இருக்கும். மேல்தட்டில் பெரிய எழுத்துகள், கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் சிறிய எழுத்துகள். கீழ்த்தட்டின் அறைகள் அகர வரிசையில் இருக்காது, ஒரே அளவிலும் இருக்காது. அதிகம் தேவைப்படும் ஆங்கில 'இ' (e) எழுத்துக்கு மிகப் பெரிய அறை, அரிதாக வரும் எழுத்துகளுக்கு ஓரத்தில் சின்ன அறை. கோப்பவர் எழுத்தைப் பார்த்து எடுப்பதில்லை. இடம் தெரிந்து கை தானே போகும். இன்று கடவுச்சொல் பெட்டியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்று 'கேஸ் சென்சிட்டிவ்' என எச்சரிப்பது அந்த மரத்தட்டின் மிச்சம்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல்: அடுப்பில் எரியும் வாயுவும் 'கேஸ்'தான். அது முற்றிலும் வேறு. 17ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் கிரேக்கச் சொல்லான 'கேயாஸ்', அதாவது பெருங்குழப்பம் என்பதை வைத்து உருவாக்கியது.

பேச்சில் அடிக்கடி தவறாக வருவது 'இன் கேஸ்'. 'மழை வந்தால் குடை எடுப்பேன்' என்பதற்கு 'இஃப்' போட வேண்டும். மழை வந்த பிறகுதான் குடை. 'மழை வந்தாலும் வரலாம், குடையைக் கையில் வைத்துக்கொள்கிறேன்' என்றால்தான் 'இன் கேஸ்'. மழைக்கு முன்பே குடை கையில். இரண்டையும் மாற்றிப் போட்டால் வேலையின் முன்பின் தலைகீழாகும். 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்' என்ற அறிவிப்பில் மட்டும் 'தீப்பிடித்தால்' என்றே பொருள். 'ஆஃப்' சேர்ந்ததும் கணக்கு மாறிவிடுகிறது.

இனி 'கேஷ்'. இங்கும் தோளில் எண் போட்ட இரண்டு பதிவுகள் உண்டு. கையில் இருக்கும் ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் நம் காசு அல்ல. அது மேலே சொன்ன பெட்டிக் குடும்பம்: பிரெஞ்சிலும் இத்தாலியிலும் பணப்பெட்டியைக் குறித்த சொல், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்து, பெட்டியிலிருந்து உள்ளிருக்கும் பணத்துக்கு நகர்ந்தது. ஒலி ஒத்திருக்கிறதே என்று வேர் சொல்லிவிட முடியாது. அப்படிப் பார்த்தால் இலத்தீன் 'காசுஸ்' நம் காசுக்கு இன்னும் நெருக்கமாகக் கேட்கிறது. உறவோ துளியும் இல்லை.

ஆனால் இரண்டாவது 'கேஷ்' நம்முடையதேதான். காசு என்ற சொல்லைக் கேட்ட போர்ச்சுகீசியர் அதை 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல். ஆங்கிலேயர் அதை வாங்கித் தங்களிடம் இருந்த 'கேஷ்' வடிவத்தில் பொருத்தினார்கள். இரு சொற்களும் கலங்கிப்போன இடம் இதுதான். தென்னிந்தியச் சிறு நாணயத்துக்கும், நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற பெயர் நின்றது. சென்னை மாகாணத்தின் பழைய கணக்கில் 80 காசு சேர்ந்தால் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் வராகன் என்ற பொன் நாணயம் ஒன்று. ஆக வராகனுக்கு 3,360 காசு.

இதற்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சியும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலையில் சென்னைக்காக அடித்த செப்பு நாணயம் அது. அதை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பின்னாளில் மீட்ட நாணயங்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் ஆண்டும். மறுபக்கம் அடியில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்' என்று ஆங்கிலத்தில். அதற்கு மேலே பாரசீக எழுத்தில் 'இருபது காஸ், நான்கு ஃபலூஸ்' என்று இருக்கிறது. ஃபலூஸ் என்பது செப்பு நாணயத்தின் பெயர். ஆங்கிலம் 'ஷ்' ஆக்கிய இடத்தில் பாரசீகம் நம் 'ச'வை ஏறக்குறைய அப்படியே விட்டுவைத்திருக்கிறது.