மாமியாரின் சுருக்குப்பையா, கணவரின் கார்டா?

கேள்வி: நான் திருச்சியில் தனியார் பள்ளி ஆசிரியை. மே மாத விடுமுறையில் கணவர், 12 வயது மகன், 66 வயது மாமியார் என நான்கு பேரும் ஆறு நாள் பாங்காக், பட்டாயா போகிறோம். டிக்கெட்டும் ஹோட்டலும் கட்டியாகிவிட்டது. கைச்செலவுக்கு 1.2 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். "கார்டு இருந்தால் போதும்" என்கிறார் கணவர். "அத்தனையும் ரொக்கமாக மாற்றிக்கொடு, இடுப்பில் சுருக்குப்பையில் முடிந்துகொள்கிறேன்" என்கிறார் மாமியார். எது பாதுகாப்பு?

பதில்: பாதிப் பாதி இருவர் சொல்வதும் சரி. ஆனால் 1.2 லட்சமும் சுருக்குப்பையில் இருக்கக் கூடாது, ஒரே கார்டிலும் இருக்கக் கூடாது. வெளிநாட்டில் பிக்பாக்கெட்டில் போகிற பணத்தைவிட, கணக்கில் இருந்தும் கைக்கு எடுக்க முடியாமல் போகிற பணம்தான் அதிகம் படுத்தும். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பாங்காக்கில் ஒரு மாலில் ஏடிஎம்மில் பணம் எடுத்தேன். நம் ஊரில் கார்டு கைக்கு வந்த பிறகே நோட்டு வந்து பழக்கம். அங்கே பல எந்திரங்களில் நோட்டு முதலில் வரும், கார்டு கடைசியில். நோட்டை வாங்கி எண்ணிக்கொண்டே லிஃப்ட் வரை போய்விட்டேன். ஞாபகம் வந்து ஓடிவந்து பார்த்தால் எந்திரம் கார்டை விழுங்கியிருந்தது. தப்பு முழுக்க என்னுடையதுதான். சரி, இன்னொரு கார்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்கவில்லை. வங்கி ஆப்பில் போய்த் திறக்கலாம் என்றால் ஓடிபி வர வேண்டும். ஆனால் விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கியபோது நம் ஊர் சிம்மைக் கழற்றி ஹோட்டல் மேசை டிராயரில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

எனவே கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இரண்டு. 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, நம் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுக்கு நீங்கள்தான் ஆப்பில் திறக்க வேண்டும். திறக்கும்போதே தினசரி வரம்பையும் குறைத்து வையுங்கள். கார்டில் உள்ள முத்திரையையும் பாருங்கள். சாதாரண உள்நாட்டு ரூபே கார்டு அங்கே வேலைக்கு ஆகாது. அடுத்தது, கணவன் மனைவி இரண்டு பேரில் ஒருவராவது ஓடிபி வரும் எண்ணில் ரோமிங் போட்டு, அந்த சிம்மைப் போனிலேயே வைத்திருங்கள்.

இனி பணத்தைப் பிரிக்கலாம். நானாக இருந்தால் 40,000 ரூபாயை இங்கேயே, உரிமம் பெற்ற நாணய மாற்று நிறுவனத்தில் தாய்லாந்துப் பணமான பாத் நோட்டாக மாற்றி ரசீது வாங்கிக்கொள்வேன். தெருக்கடைச் சாப்பாடு, டுக்டுக், சந்தை எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான் வேண்டும். 100 பாத் நோட்டுகளாகக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். 60,000 ரூபாயை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டில், பாத்தாகவே ஏற்றுங்கள். சில வங்கிகள் அதனுடன் மாற்று கார்டு ஒன்றும் தரும். ஒன்று உங்களிடம், மற்றொன்று கணவரிடம் இருக்கட்டும். மீதி 20,000 வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். கிரெடிட் கார்டை ஹோட்டல் டெபாசிட்டுக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. அதில் ரொக்கம் மட்டும் எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 220 பாத் அல்லது அதற்கு மேல், நம் கணக்கில் ஏறக்குறைய 600 ரூபாய், கட்டணமாகப் போகும். 2,000 பாத்தாக ஐந்து தடவை எடுத்தால் ஐந்து தடவையும் அழ வேண்டும். எடுப்பதை ஒரே தடவையாக எடுங்கள். திரையில் "வித் கன்வர்ஷன், விதவுட் கன்வர்ஷன்" (ரூபாயாக மாற்றிக் கணக்கிடவா, வேண்டாமா) என்று கேட்டால் "விதவுட்" என்பதை அழுத்துங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா பாத்திலா என்று கேட்டாலும் பாத் என்றே சொல்லுங்கள். ரூபாயில் காட்டினால் நமக்குக் கணக்குப் புரிகிற மாதிரி இருக்கும், ஆனால் மாற்று விகிதத்தில் அவர்கள் நன்றாகவே கையை வைத்திருப்பார்கள்.

கார்டில் நீங்கள் செய்யாத செலவுக்குச் செய்தி வந்தால், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தவறு உங்கள் பக்கமும் வங்கி பக்கமும் இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் இல்லை என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. பின் நம்பரையோ ஓடிபியையோ நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்கள் பணம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று: பாஸ்போர்ட். பட்டாயா கடற்கரையில் ஜெட் ஸ்கியும் ஸ்கூட்டரும் வாடகைக்கு விடுபவர்கள் அதை அடமானமாகக் கேட்பார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் பாத் கேட்பது அங்கே பழைய வித்தை. பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருந்தால் பேரம் பேச உங்களுக்கு வாய் இருக்காது. பாங்காக் கிராண்ட் பேலஸ் வாசலில் "இன்று அரண்மனை மூடல்" என்று சொல்லி ரத்தினக்கல் கடைக்குக் கூட்டிப்போகும் டுக்டுக்காரர்களும் அதே வகையறா. நேராக நுழைவாயில் வரை நடந்து போய்ப் பாருங்கள். தகராறு என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார் நகலுடன் பாங்காக்கில் சுகும்வித் 23-ஆம் சோயில் (சந்தில்) உள்ள நம் தூதரகத்துக்குப் போக வேண்டும். அதற்குள் உங்கள் விமானம் போயிருக்கும். ஆகவே அசல் ஹோட்டல் லாக்கரில், நகல் கைப்பையில். பணம் மாற்றும் கடையில் மட்டும் அசல் கேட்பார்கள்.

அப்புறம், பயணக் காப்பீடு. மாமியாருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பழைய நோய்க்கு என்ன தருவார்கள், என்ன தரமாட்டார்கள் என்று பாலிசியில் படித்துவிட்டுக் கட்டுங்கள். அங்கே தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்தாலே உங்கள் 1.2 லட்சம் பற்றாமல் போகலாம். ஓட்டுநர் உரிமம் சரியாக இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் காப்பீடும் கைவிரிக்கும். கணவருக்கு ஆசை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சுருக்குப்பைக்கு வருகிறேன். அதில் 3,000 பாத்தும், தாய் எழுத்தில் முகவரி அச்சிட்ட ஹோட்டல் அட்டையும், உங்கள் இருவரின் போன் எண்ணும் வைத்து மாமியார் இடுப்பில் கட்டட்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அட்டையைக் காட்டி டாக்ஸியில் வந்துவிடுவார். கையில் எடுத்துப்போன நோட்டில் மிச்சம் இருந்தால் ஊர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். சில்லறைக் காசை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள், அது பையனுக்கு.