பீங்கான் பொம்மைகளைச் செய்தும் பழுதுபார்த்தும் ஒரு சிறு பட்டறையை நடத்த முடியுமா? முதலில் சூளை வாங்கலாமா?

கேள்வியைக் கேட்டவர் பீங்கான் வேலையில் ஆறு மாத வகுப்பு ஒன்றை முடித்திருப்பதாகவும், கையிலுள்ள சேமிப்பைக் கொண்டு முதலில் மின்சூளை வாங்க எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறார். ஜேர்மனியில், டோட்முண்ட் நகருக்கு அருகே, பதினாறு ஆண்டுகளாக இத்தகைய பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். நடத்த முடியும் என்பதே என் பதில். ஆனால் என் பட்டறையின் வாடகை நான் செய்யும் புதிய பொம்மைகளிலிருந்து வருவதில்லை. பிறர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிவரும் பழைய பொம்மைகளிலிருந்தே வருகிறது. ஆகவே சூளையை இப்போது வாங்க வேண்டாம்.

புதிய பொம்மை ஒன்றின் தலைக்கு எவ்வளவு உழைப்புச் செல்கிறது என்பதை வாங்குபவர் அறிவதில்லை. பீங்கான் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக் காத்திருந்தால், அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் குழம்பு படியத் தொடங்கும். சில மில்லிமீற்றர் தடித்ததும் மீதியைக் கவிழ்த்துவிட்டு, தலை தோல்போல் இறுகும் பருவத்தில் அச்சைத் திறந்து, கண்குழிகளை மெல்லிய கத்தியால் வெட்டவேண்டும். இமையின் விளிம்பு உட்புறமாகச் சரிவாய்ச் சீவப்படாவிட்டால் கண்ணாடிக் கண் பொருந்தாது. பொம்மை எந்நேரமும் திடுக்கிட்டு விழிப்பதுபோல் இருக்கும். பிறகு குறைந்த வெப்பத்தில் ஒருமுறை சுட்டு, தண்ணீருக்குள் அமிழ்த்தி, அச்சின் பொருத்துக்கோடுகளை நைலோன் காலுறைத் துணியால் தேய்த்து மறைக்கிறேன். உலர்ந்த நிலையில் அரத்தாளால் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனது திரும்பி வராது.

அடுத்து ஏறத்தாழ 1,220 பாகை செல்சியஸில் முழுச் சூடு. கன்னச் சிவப்பு, உதடு, இமைமயிர், புருவம் என்று நிறமிடும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏறத்தாழ 720 பாகையில் தனித்தனியாகச் சூடு. புருவத்தின் ஓர் இழை பிசகினால் அடுத்த சூட்டுக்கு முன்பே துடைத்துவிட வேண்டும். சுட்ட பின் அது அங்கேயே நின்றுவிடும். இத்தனைக்கும் பிறகு, கைவேலையை மணிக்கணக்கில் கூட்டி விலை சொன்னால் சந்தையில் யாரும் வாங்குவதில்லை. ஆண்டுக்கு எட்டுப் பத்துத் தலைகளை நான் இன்னமும் செய்கிறேன். அவை கைப்பழக்கம் கெடாமல் இருப்பதற்காகவும், வேலையின்மீதுள்ள ஆசைக்காகவும் செய்பவை.

முழுச் சூட்டில் பீங்கான் கணிசமாகச் சுருங்கும். என் குழம்பு ஏழில் ஒரு பங்குவரை சுருங்குகிறது. எனவே பழைய தலையிலிருந்து அச்செடுத்துச் செய்த நகல் எப்போதும் மூலத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். பழையது என்று சொல்லி விற்கப்படும் தலையைச் சந்தேகிக்கும்போது நான் முதலில் எடுப்பது அளவுநாடாவைத்தான்.

பழுதுபார்ப்புக்கு இங்கே ஓர் இயல்பான அடித்தளம் இருக்கிறது. துரிங்கியா மாநிலத்தின் சொன்னபெர்க், வால்டர்ஸ்ஹவுசன் ஆகிய ஊர்களைச் சுற்றிய பகுதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகெங்கும் பொம்மைகளை அனுப்பியது. அருகிலுள்ள லவுஷாவின் கண்ணாடித் தொழிலாளர் அவற்றுக்குக் கண்களை ஊதிக் கொடுத்தார்கள். பளபளப்புப் பூச்சு இல்லாத, தோலின் மங்கல் நிறம் கொண்ட பிஸ்க் பீங்கான் தலைகள் அவை. தலையின் பின்புறம், முடியை விலக்கினால், அச்சு எண்ணும் செய்தவரின் அடையாளமும் தெரியும். பொருளைச் செய்த நாட்டின் பெயரைப் பொறிக்கவேண்டும் என்ற அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்ததால், 'ஜேர்மனி' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். என் மேசைக்கு அதிகம் வருவது கோப்பல்ஸ்டோர்பில் இயங்கிய ஆர்மண்ட் மார்சேய் நிறுவனத்தின் 390 என்ற அச்சு எண் கொண்ட தலை. பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டதால் அதன் சந்தை விலை குறைவு. அதைக் கொண்டுவருபவருக்கு அது பாட்டியின் பொம்மை. இந்த இரண்டையும் முதல் அரைமணி நேரத்திலேயே மறைக்காமல் பேசிவிட வேண்டும்.

அந்த அரைமணி நேரத்தை நான் கற்றது ஒரு தவறால். முதலாம் ஆண்டில், நெற்றியில் விரிசல் இருந்த தலை ஒன்றை ஒரு மூதாட்டி கொண்டுவந்தார். அவர் போன பின்பே கழற்றினேன். கண்களை உள்ளே பிடித்திருந்த பழைய பிளாஸ்டரை நனைத்து ஊறவிடாமல், அவசரப்பட்டுக் கத்தி முனையால் நெம்பினேன். இடக்கண்ணின் மேல்மூலையில் அரிசி நுனியளவு சில்லு தெறித்தது. தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன், கூலி வாங்கவில்லை. ஆனால் அந்தக் குறை இன்றும் அங்கேயே இருக்கிறது. நிரப்பி நிறமிட்டாலும் என் கண்ணுக்குத் தெரியும். இப்போது உரிமையாளரின் முன்னிலையிலேயே முடியையும் உச்சியிலுள்ள அட்டை மூடியையும் கழற்றி, அறையை இருட்டாக்கி, தலைக்குள் ஒரு சிறு விளக்கை இறக்கிக் காட்டுகிறேன். வெளியே தெரியாத மயிரிழை விரிசல்கள் கன்னத்திலும் காதோரத்திலும் கறுத்த கோடுகளாகத் தெரியும். முந்தைய பழுதுபார்ப்பும் ஒளி புகாத திட்டாகத் தெரிந்துவிடும். அனைத்தையும் படமெடுத்து, எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பின்பே வேலையை ஏற்கிறேன்.

சூளை வைத்திருப்பவருக்கு வரும் பெரிய சோதனை, பழைய தலையை மறுபடி சுட்டு நிறத்தைப் புதுப்பிக்கும் ஆசை. அதைச் செய்யவே கூடாது. பழைய பசையும் பிளாஸ்டரும் விரிசலுக்குள் ஊறியிருக்கும். சூட்டில் தலை பிளக்கலாம், நூறாண்டு நின்ற கன்னச் சிவப்பும் மாறலாம். உடைந்த துண்டுகளைத் தேவையானால் அசற்றோனில் மீண்டும் கரைக்கக்கூடிய பாரலாயிட் பி-72 என்ற பசை கொண்டு ஒட்டுகிறேன். எபொக்சி வலுவானதுதான், ஆனால் நாளடைவில் மஞ்சளாகும், பிரிப்பதும் கடினம். நிறத்தை இழந்த இடத்தில் மட்டும் தீட்டவேண்டும். ஒரு கீறலை மறைக்க முகம் முழுவதற்கும் நிறம் தெளிப்பவர்கள் அந்த முகத்தையே அழித்துவிடுகிறார்கள் என்பதே என் உறுதியான கருத்து.

ஒருமுறை வந்த பொம்மையின் வலக்கை விரல்கள் மூன்று, நுனி கடிக்கப்பட்டுக் கூழாகியிருந்தன. மரத்தூளும் காகிதக்கூழும் பசையும் கலந்து செய்த உடல் அது. வார்த்து ஒட்ட ஒரு நாள் போதும். உரிமையாளர், “விரல்களைத் தொடாதீர்கள், அது என் தம்பியின் பற்கள்” என்றார். உடலை இணைக்கும் கயிற்றை மாற்றி, அங்கோரா ஆட்டு மயிரான மொஹேர் முடியைச் சீவிக் கொடுத்தேன்; விரல்களை அப்படியே விட்டேன். பொம்மைக்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்லும் பாவைப்பிள்ளை என்ற சொல்லின் பொருள் அன்றுதான் எனக்கு முழுதாய் விளங்கியது.

அலுவல் விடயங்கள் சிக்கலானவை அல்ல. தொழிலைப் பதிவுசெய்ய வேண்டும். 2025 முதல், முந்தைய ஆண்டின் விற்றுவரவு 25,000 யூரோவைத் தாண்டாத சிறுதொழில் முனைவோர் விற்பனை வரி அறவிடாமல் இயங்கலாம். புதிய பொம்மைகளை விற்றால், 14 வயதும் அதற்கு மேலும் உள்ள சேகரிப்பாளருக்கானது என்று தெளிவாக எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஐரோப்பிய விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு விதிகள் முழுவதும் உங்கள்மீது பாயும்.

சூளைக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பங்கைக் கொண்டு, தலை நன்றாயிருந்து உடல் பிரிந்துபோன 390 ஒன்றைப் பழம்பொருள் சந்தையில் வாங்குங்கள். அந்த உடலை ஒருபோதும் தண்ணீரில் நனைக்காதீர்கள், கரைந்துவிடும். எலாஸ்டிக் கயிற்றை மாற்றிக் கைகால்களைக் கோத்துப் பழகுங்கள். தளர்ந்தால் பொம்மை நிற்காது. அளவுக்கு மீறி இறுக்கினால் தலை கழுத்துக் குழியில் மோதி விளிம்பு வெடிக்கும். கழுத்துக்கும் குழிக்கும் இடையே மெல்லிய தோல் வளையம் ஒன்றை வைத்துக் கட்டிப் பாருங்கள். ஐந்தாவது, ஆறாவது தடவையில் விரலே சரியான இறுக்கத்தை உணர்ந்துகொள்ளும்.